பாப்பா கழுவி வைத்த வால்வுகள்

வியாழக்கிழமை மதியம், கடைசி ஓட்டலின் படுக்கை விரிப்புகளைச் சலவை நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வேன் மேடு ஏற மறுத்தது. ஒரேயடியாக மறுத்துவிடவில்லை. இரண்டாம் கியரில் முக்கியது, முதல் கியரில் முனகியது, கரும்புகையைக் கக்கிக்கொண்டு, முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுவது போல ஒருவழியாக ஏறி முடித்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, பாவம் என்பது போலத் தலையை வேறு ஆட்டினார்.

வேன் ஓட்டியவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தலையாட்டல்தான் பொறுக்கவில்லை. பதின்மூன்று வருஷமாக நாலு ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அவள் வேனில்தான் போய் வருகின்றன. தெருவில் அவளுக்கு வேன்காரி என்றே பேர். கட்டிய புருஷனைக்கூட 'வேன்காரி வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். அவர் நூலகர். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை.

நல்லகாலம், சலவை நிலையத்தில் கொதிகலன் சுத்தம் செய்வதற்காக வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுமுறை. கெட்டகாலம், வழக்கமாக வேனைப் பார்க்கும் மெக்கானிக் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். கடையில் பூட்டு தொங்கியது. திங்கள் காலை ஆறு மணிக்குள் வேன் ஓடியாக வேண்டும்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் வேனை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தாள். முதல் சிலிண்டருக்குப் போகிற குழாயைத் தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் தொய்ந்தது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினாள், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டும் பதில் வராத பிள்ளை மாதிரி, அந்தச் சிலிண்டர் இருந்தும் இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு மேல்மூடியைத் திறந்தாள். வால்வு என்பது எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் இருக்கிற கதவு. அதன் காம்புக்கு மேலே மயிரிழை அளவு இடைவெளி விட வேண்டும். சூட்டில் காம்பு நீளும், நீண்டாலும் கதவு முழுசாகச் சாத்தியாக வேண்டும் அல்லவா? மூன்றாவது சிலிண்டரின் புகைவால்வுக்கு மேலே அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. மெல்லிய தகட்டை எடுத்தாள். அதுவும் நுழையவில்லை. இடைவெளியே இல்லை. கதவு சாத்தாமலே மாசக்கணக்கில் நெருப்பு அந்தச் சந்து வழியாகப் பீறிட்டு விளிம்பைத் தின்றிருக்கிறது.

தகட்டைத் துடைத்துக் கீழே வைத்தாள். ஆறு மாசத்துக்கு முன் அந்த இடைவெளியை வைத்தவள் அவளேதான். "இதுக்குப் போய் மெக்கானிக் எதுக்கு, நானே பாத்துக்கறேன்" என்று பெருமையாகச் செய்த வேலை. நடுவில் ஓட்டலிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து, முடித்த வால்வு எது, முடிக்காதது எது என்று குத்துமதிப்பாகத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் நூலகர் வந்து, "என்னவாம்?" என்றார்.

"வால்வு எரிஞ்சிருக்கு. ஹெட்டைக் கழட்டணும். நம்மளே பண்ணிடலாம்" என்றாள். ஏன் எரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை இவளும் சொல்லவில்லை.

சிலிண்டர்களுக்கு மேலே, வால்வுகளைத் தாங்கி மூடியாக இருக்கிற ஹெட்டின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் பாப்பா வந்து நின்றாள். பாப்பா நூலகரின் தங்கை. நாற்பத்திரண்டு வயது, தையற்கடை வைத்திருக்கிறாள், கடைசிப் பிள்ளையாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக இன்னமும் பாப்பா. கையில் ஒரு பெட்டி.

"அண்ணி, நான் இங்க நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

"இரேன். ஏன், என்னாச்சு?"

"அவரு கடையில நாலு பேரு முன்னாடி, 'என் பொண்டாட்டிக்கே கண்ணு சரியில்ல, காலரைக் கோணலா தச்சு வச்சிருக்கா, கண்ணாடி போடச் சொன்னா போட மாட்டேங்கறா'ன்னு சொல்றாரு. கண்ணாடிக்கடை வச்சிருக்கறவரு பேசற பேச்சா இது?"

"காலர் கோணலா இருந்துதா?"

பாப்பா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அது வேற விஷயம்."

அதற்கு மேல் வேன்காரி தோண்டவில்லை. "அந்தப் பக்கம் பிடி" என்றாள். மூன்று பேருமாக ஹெட்டைத் தூக்கி, வாசற்படி இடறாமல் கொண்டுபோய், பழைய ஓட்டல் விரிப்பைப் போர்த்தியிருந்த சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். மேசை ஒருதரம் கிறீச்சிட்டது. அன்றைக்கு ரொட்டியையும் முட்டையையும் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நூலகர் லீவு போட்டுவிட்டார். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை வேன்காரி திருக, அமுங்கிய ஸ்பிரிங்குக்குள்ளிருந்து சின்னச் சின்னப் பூட்டுத்துண்டுகளை அவர் இடுக்கியால் பொறுக்கி எடுத்தார். வால்வுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. நாலு சிலிண்டருக்கும் இரண்டிரண்டாக எட்டு. எட்டும் கரி பிடித்து, பார்ப்பதற்கு நீளக்காம்புக் காளான்கள் மாதிரி இருந்தன. மூன்றாவது புகைவால்வின் விளிம்பில் எலி கடித்த ரொட்டி போல ஒரு பள்ளம். வேன்காரி அதைப் பார்த்துவிட்டு வேகமாகத் துணியில் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

மிச்சம் ஏழையும் நூலகர் முட்டை அட்டையில் குத்திவைத்தார். ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் பென்சிலால், எறும்பு எழுத்தில், எந்தச் சிலிண்டர், காற்றா புகையா என்று எழுதினார். இருபது வருஷமாகப் புத்தக முதுகில் எண் எழுதிய கை. பார்க்கவே அழகாக இருந்தது.

"இது மாறினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணும் அதது போய் வர துளையோட பழகி, ஒண்ணுக்கொண்ணு தேஞ்சிருக்கும். என் செருப்பை நீங்க போட்டுக்கிட்டு நடந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான்."

எரிந்துபோனதைக் காட்டிப் புது வால்வும், ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டும் வாங்க இரண்டு பேரும் கிளம்பினார்கள். பாப்பா வீட்டில் இருந்தாள். வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு ஒத்துவராது. அண்ணன் வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்ய வேண்டும் என்று கண்ணைச் சுழற்றினாள். மேசையில் கரி அப்பிய ஏழு சாமான்கள் நின்றன.

அவர்கள் திரும்பி வந்தபோது, ஜன்னலோரம் வெள்ளைத் துண்டின்மேல் ஏழு வால்வுகளும் வெள்ளிக்கரண்டி போலப் பளபளத்தன. பெரிய தலை உள்ளவை நாலும் ஒரு வரிசை, சின்னத் தலை உள்ளவை மூன்றும் ஒரு வரிசை. முட்டை அட்டையை மடித்துக் குப்பைக்கூடையில் செருகியிருந்தாள்.

"கம்பிப் பிரஷ்ஷு போட்டுத் தேச்சேன் அண்ணி. ஒரு மணி நேரம் ஆச்சு. எப்படி இருக்கு?"

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேன்காரி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"பாப்பா, அட்டையில எழுதியிருந்துதே, பாக்கலையா?"

"எழுதியிருந்துதா?" என்று பாப்பா குப்பைக்கூடையிலிருந்து அட்டையை எடுத்தாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். கிட்டத்தில் கொண்டுவந்தாள். மறுபடி தள்ளிப் பிடித்தாள். அவள் முகம் மெதுவாக விழுந்தது. "ஏதோ அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அவரு சொன்னது சரிதான். கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. உங்க பொழப்பையும் கெடுத்துட்டேன்."

வேன்காரிக்கு வந்த கோபம் பாதித் தொண்டையில் நின்றது. பைக்குள் கிடந்த எரிந்த வால்வின் ஞாபகம் அவளைக் குத்தியது. வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அழாத. முதல் தப்பு என்னுது. இதை எரிச்சது நான்தான். ஆறு மாசத்துக்கு முன்னாடி இடைவெளியே விடாம இறுக்கி வச்சிருக்கேன். நேத்துலேருந்து சொல்லணும் சொல்லணும்னு வாயில வச்சுக்கிட்டே சுத்தறேன்."

நூலகர் அந்த வால்வை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் ராத்திரி தூக்கத்துல 'போன் வந்துடுச்சு, போன் வந்துடுச்சு'ன்னியா?" என்றார். பாப்பாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

மனசு லேசானதும் வேன்காரிக்கு மூளை வேலை செய்தது. ஒரு வால்வை எடுத்து ஒரு துளையில் சொருகி ஆட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "நீ ஆட்டிப் பாரு" என்று பாப்பாவிடம் கொடுத்தாள்.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். காம்பை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்து, மெதுவாகச் சுழற்றினாள். "இது தொளதொளன்னு இருக்கு" என்று உருவி, அடுத்ததைச் சொருகினாள். "இது எங்கியோ ஒரு இடத்துல பிடிக்குது." மூன்றாவதைச் சொருகியதும் அவள் புருவம் ஏறியது. "இதுதான் அண்ணி. வழுக்கிக்கிட்டு எறங்குது பாருங்க. சட்டைக்கை தோள்ல உட்கார்ற மாதிரி உட்காருது. இருபத்தஞ்சு வருஷமா துணியை விரலால பாக்கறவ நான், இது எனக்குத் தெரியாதா?"

இரண்டு மணி நேரம் அது நடந்தது. நூலகர் புது அட்டையில், இந்தத் தடவை கொட்டை எழுத்தில், குறித்துக்கொண்டே வந்தார். பாப்பா சொன்னது சரிதானா என்று வேன்காரி, வால்வின் தலை வந்து உட்காரும் வளையமான சீட்டில் இருந்த பழைய தடத்தையும் வால்வின் தடத்தையும் ஒப்பிட்டாள். ஏழுக்கு ஏழும் பொருந்தின. காலரை எப்படிக் கோணலாகத் தைத்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

சனிக்கிழமை தேய்ப்பு வேலை. வால்வின் விளிம்பில் உரசுமாவுப் பசையைத் தடவி, அதன் தலையில் ரப்பர்க் கிண்ணி பொருத்திய குச்சியை ஒட்டி, சீட்டில் வைத்து, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மத்தால் கடைவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்ற வேண்டும். வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தேய்த்து, காற்றுப் புகாமல் ஒட்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். தேயத் தேய அது மெத்தென்று மாறும். முறைவைத்துக் கடைந்தார்கள். நூலகருக்கு ஒரு வால்விலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது. பாப்பா தாளம் தவறாமல் கடைந்தாள், கடைந்துகொண்டே புருஷனைத் திட்டினாள். திட்டு நீளமானபோது வேலையும் நன்றாக நடந்தது.

பசை டப்பாவில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைசு. கரடு முடிந்து நைசுப் பக்கத்தைத் திறந்தால், உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் குழைத்தும் மசியவில்லை. போதாக்குறைக்கு ரப்பர்க் கிண்ணியும் கிழிந்தது. சாமான் கடைக்குப் போன் போட்டால், சனி மதியத்தோடு அடைப்பாம், திங்கள் பத்து மணிக்குத்தான் திறப்பாராம்.

"நைசு இல்லாம விட்டா?" என்றார் நூலகர்.

"விடலாம். ரெண்டு மாசத்துல மறுபடி இதே மேசை."

மூவரும் மேசையைப் பார்த்தார்கள். பாப்பா மெதுவாக, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "அவரு கடையில, லென்ஸ் தேய்க்க நைசுப் பொடி வச்சிருப்பாரு. மாவு மாதிரி இருக்கும். லென்ஸைப் பிடிக்க ரப்பர்க் கிண்ணியும் இருக்கு."

அண்ணனும் அண்ணியும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நீங்க யாராவது போன் பண்ணுங்களேன்."

"கையெல்லாம் பசை" என்றாள் வேன்காரி. நூலகரும் தன் சுத்தமான கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குந்தான்" என்றார்.

பாப்பா போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள். குரல் மட்டும் கேட்டது. "நான்தான். ... சாப்பிட்டேன். ... இல்ல, அதுக்காகப் பண்ணல. அண்ணி வேனுக்கு நைசுப் பொடி வேணும். ... ஆமா, வால்வுக்கு. ... ஆமா, நான்தான் கடையறேன். ... சிரிக்காதீங்க."

கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். பையில் மூன்று டப்பாப் பொடி, அளவுவாரியாக ஆறு ரப்பர்க் கிண்ணி, ஒரு பூதக்கண்ணாடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எங்க வேலை?" என்றார். பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்க்கும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை. நேரே மேசைக்குப் போய் வால்வைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"யார் தேச்சது இது?"

"ஏன், கோணலா இருக்கா?" என்றாள் பாப்பா.

"சுத்திவர ஒரே அகலத்துல வந்திருக்கு. எங்கிட்ட எட்டு வருஷமா இருக்கற பையனுக்கு இந்தக் கை வரல." கொஞ்சம் நிறுத்தி, "நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார், வால்விடம் பேசுவது போல.

"நாலு பேரு முன்னாடிதான் இப்பவும் சொல்றீங்க. பரவால்ல" என்றாள் பாப்பா.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். போடு என்று சொல்லவில்லை. புத்திசாலி. பாப்பாவும் உடனே எடுக்கவில்லை. பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு வால்வு தேய்த்த பிறகு, யாரும் பார்க்காத மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டாள். மற்ற மூவரும் பார்க்காத மாதிரியே இருந்தார்கள்.

ஞாயிறு காலை எட்டு வால்வையும் ஸ்பிரிங்கோடு பூட்டி, ஹெட்டைச் சாய்த்து, காற்றும் புகையும் போகும் ஒவ்வொரு வழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வால்வு சரியாக உட்கார்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. நாலு பேரும் மேசையைச் சுற்றிக் குனிந்து, பேச்சுமூச்சில்லாமல் பத்து நிமிஷம் பார்த்தார்கள்.

"எல்லாம் காஞ்சிருக்கு" என்றாள் வேன்காரி.

"இல்ல அண்ணி. ரெண்டாவது சிலிண்டர், காத்து வால்வு. ஓரத்துல ஈரம் மினுக்குது." பாப்பா விரலால் தொட்டுக் காட்டினாள். உண்மைதான். ஊசிமுனை அளவு ஈரம். வேறு யார் கண்ணுக்கும் அது தட்டுப்பட்டிருக்காது. அதைக் கழற்றி மறுபடி கடைந்து, மறுபடி ஊற்றினார்கள். இந்தத் தடவை கால் மணி நேரம் பார்த்தும் பாப்பாவுக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஹெட்டை எஞ்சின்மேல் ஏற்றினார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். நூலகர் நூலகத்திலிருந்து எடுத்துவந்திருந்த எஞ்சின் பழுதுபார்க்கும் புத்தகத்தைப் பிரித்து வரிசை எண்ணை உரக்க வாசிக்க, வேன்காரி இறுக்கினாள். கடைசியில் வால்வு இடைவெளி. அங்கே வந்ததும் அவள் கை கொஞ்சம் தயங்கியது. தன் போனை எடுத்து நூலகரிடம் கொடுத்தாள். "யார் கூப்பிட்டாலும் நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லுங்க."

"அபசகுனமாப் பேசாத. குளிக்கப் போயிருக்கான்னு சொல்றேன்."

ஒவ்வொரு இடைவெளியையும் அவள் வைத்தாள், கண்ணாடிக்காரர் தகட்டை நுழைத்துப் பார்த்தார், அவருக்கு மேல் பாப்பா ஒருதரம் நுழைத்துப் பார்த்தாள். மூன்று பேரும் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனார்கள். நடுவில் இரண்டு தடவை போன் அடித்தது. இரண்டு தடவையும் வேன்காரி குளித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஊற்றி, எண்ணெய் ஊற்றி, டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். ஒரு இருமல், அவ்வளவுதான். பாப்பா புருஷனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை ஒரு குலுக்கலோடு பிடித்தது. வெள்ளைப்புகை கொட்டகை முழுக்க நிறைந்து நாலு பேரும் இருமினார்கள். புகை மெல்ல மெலிந்தது, சத்தம் ஒழுங்குக்கு வந்தது. வேன்காரி மூன்றாவது குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். எஞ்சின் உடனே தொய்ந்தது. இறுக்கினாள், நிமிர்ந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த துணியால் கண்ணோரத்தையும் ஒற்றியதில் கன்னம் முழுக்கக் கரி.

"ஏறுங்க, வீட்டுல விட்டுட்டு வரேன்" என்றாள்.

முன்னால் மூன்று பேர், பின்னால் பாப்பாவின் பெட்டியோடு நூலகர். அந்த மேட்டில் வேன் மூன்றாம் கியரில், புகையில்லாமல் ஏறியது. வழியில் பாப்பா கடைப்பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு தையற்கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு அளவில்லாத சந்தோஷம்.

அவர்கள் வீட்டோடு சேர்ந்த கண்ணாடிக்கடை வாசலில் இறக்கிவிட்டபோது வேன்காரி சொன்னாள், "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் அந்தப் போல்ட்டை எல்லாம் ஒருதரம் மறுபடி இறுக்கணும். இடைவெளியும் பாக்கணும்."

"எப்போ வரும் ஆயிரம்?" என்று கேட்டாள் பாப்பா.

"ரெண்டு வாரம் ஆகும்."

பாப்பா புருஷனைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரோம் அண்ணி. நீங்க எதையும் தொட வேணாம், நான் வந்து பாக்கறேன்."

"சண்டை போடாமலே வருவியா?"

"அதை அவர்கிட்ட கேளுங்க" என்றாள் பாப்பா. கண்ணாடிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்துவிட்டார். நூலகர் முன்னிருக்கைக்கு வந்து ஏறிக்கொண்டார். அவள் வேனைத் திருப்பினாள்.